பூக்கும் காலக் கட்டுப்பாட்டில் புரத மாற்றங்கள்

ஒரு தாவரம் எப்போது பூக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் புரதங்கள் மீது, அவை செல்லில் உருவான பின்னர் சில வேதி மாற்றங்கள் நிகழ்கின்றன. அவையே பூக்கும் காலத்தைக் கட்டுப்படுத்தும் புரத மாற்றங்கள் எனப்படுகின்றன. ஒரு புரதத்தோடு பாஸ்பேட், மெத்தில், அசிட்டைல் போன்ற சிறு தொகுதிகளோ, யுபிகுவிட்டின் போன்ற வேறொரு சிறு புரதமோ இணைக்கப்படலாம். இணைந்தவை நீக்கப்படவும் செய்யலாம். இதனால் அப்புரதம் வேலை செய்யத் தொடங்கலாம், வேலையை நிறுத்தலாம், வேறொரு புரதத்தோடு சேரலாம் அல்லது அழிந்துபோகலாம்.

பூப்பதற்கான மரபணுக்கள் விதையிலேயே இருக்கின்றன. ஆனால் இன்று பகல் எவ்வளவு நீளம், குளிர்காலம் முடிந்துவிட்டதா, செடி போதிய அளவு வளர்ந்திருக்கிறதா என்ற செய்திகள் மரபணுவில் எழுதப்பட்டிருக்க முடியாது. அவற்றை நாள்தோறும் வெளியிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். அப்படி அறிந்த செய்தியைப் பூக்கும் முடிவாக மாற்றுவதில் பெரும்பங்கு வகிப்பவை புரத மாற்றங்களே.

பூக்கும் காலத்தின் முக்கியத்துவம்

பெரும்பாலான ஓராண்டுத் தாவரங்கள் வாழ்நாளில் ஒரு பருவத்தில் மட்டுமே பூக்கின்றன. அளவுக்கு முன்னதாகப் பூத்தால், விதைகளுக்கு உணவூட்டப் போதிய இலைகள் இருக்காது. தாமதமாகப் பூத்தால், விதை முற்றுவதற்குள் வறட்சியோ உறைபனியோ வந்துவிடும். அயல் மகரந்தச் சேர்க்கை செய்யும் தாவரங்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகள் ஒரே காலத்தில் பூத்தால்தான் மகரந்தம் பரிமாறிக்கொள்ள முடியும்.

பயிர்த்தொழிலில் இது நேரடியாக விளைச்சலைப் பாதிக்கிறது. நெல் கதிர் வெளிவந்து பூக்கும் சில நாட்களில் கடும் வெப்பமோ தொடர் மழையோ இருந்தால் பதர் மிகுதியாகிறது. ஆகவே ஒரு நெல் வகை எந்த மாதத்தில் கதிர் விடும் என்பது, அது எந்தப் பட்டத்துக்கு ஏற்றது என்பதைத் தீர்மானிக்கும் முதல் செய்தியாகும்.

ஆய்வு வரலாறு

1920இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு ஆகிய இருவரும் பகல் நீளத்துக்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். மேரிலாந்து மாமத் என்ற புகையிலை வகை கோடைக்கால வயலில் ஆளுயரத்துக்கும் மேலாக வளர்ந்தும் பூக்கவில்லை. அதே வகை குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டினுள் பூத்தது. கோடையில் செடிகளைப் பிற்பகலிலேயே இருட்டறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பகலைச் செயற்கையாகக் குறைத்தபோது, அவை கோடையிலும் பூத்தன. இந்தப் பண்பு ஒளிக்காலத்துவம் எனப்பட்டது. இதன் அடிப்படையில் தாவரங்கள் குறும்பகல் தாவரங்கள், நீள்பகல் தாவரங்கள், பகல் நடுநிலைத் தாவரங்கள் என்று பிரிக்கப்படுகின்றன.

1936இல் ஜெர்மானிய அறிஞர் எர்வின் பியூனிங், தாவரத்தின் உள்ளே ஓர் உயிர்க்கடிகாரம் ஓடுகிறது என்றும், அந்தக் கடிகாரத்தின் ஒரு குறிப்பிட்ட வேளையில் வெளியே வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே தாவரம் பகல் நீளத்தை அறிகிறது என்றும் கருத்து வெளியிட்டார். 1937இல் சோவியத் நாட்டு அறிஞர் மிகயீல் சைலாக்கியான், இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குச் செல்லும் ஒரு பொருளே பூக்கச் செய்கிறது என்று கூறி, அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயரிட்டார்.

இவ்விரு கருத்துகளுக்கும் மூலக்கூறு அளவிலான சான்று கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கு உதவியது அராபிடாப்சிஸ் தாலியானா என்ற சிறு செடி. இது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது, நீள்பகல் தாவரம், ஏறத்தாழ ஆறு வாரங்களில் விதையிலிருந்து விதைவரை வளர்ந்துவிடும். இதன் முழு மரபணுத்தொகை 2000இல் வெளியிடப்பட்டது. பகல் நீளத்தை உணர்வதில் மையமாக விளங்கும் கான்ஸ்டன்ஸ் மரபணு 1995இல் பிரித்தறியப்பட்டது. எஃப்.டி. என்ற புரதமே இலையிலிருந்து நுனிக்குச் செல்லும் ஃபுளோரிஜென் என்பது 2007இல் அராபிடாப்சிசிலும், அதன் இணையான எச்.டி.3ஏ புரதம் வழியாக நெல்லிலும் காட்டப்பட்டது.

புரத மாற்றம் என்றால் என்ன?

மரபணுவில் உள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. பிறகு அது அமினோ அமிலச் சங்கிலியாக, அதாவது புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது. பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் செல்லில் கதை இங்குதான் தொடங்குகிறது. உருவான புரதத்தின் குறிப்பிட்ட அமினோ அமிலங்கள் மீது நொதிகள் பலவகைக் குறிகளை இடுகின்றன. பூத்தலோடு தொடர்புள்ள முக்கியக் குறிகள் பின்வருமாறு:

- பாஸ்பேட் ஏற்றம்: செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் பாஸ்பேட் தொகுதி இணைதல். இணைக்கும் நொதிகள் கைனேஸ்கள். நீக்கும் நொதிகள் பாஸ்பட்டேஸ்கள்.
- யுபிகுவிட்டின் ஏற்றம்: 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் இணைதல். யுபிகுவிட்டின்கள் சங்கிலியாகச் சேர்ந்துவிட்டால், பெரும்பாலும் அந்தப் புரதம் புரோட்டியோசோம் என்ற சிதைக்கும் அமைப்புக்கு அனுப்பப்பட்டு அழிக்கப்படும்.
- சுமோ ஏற்றம்: யுபிகுவிட்டினைப் போன்ற வடிவமுடைய சுமோ என்ற சிறு புரதம் இணைதல். இது அழிவுக்கான குறி அன்று; பெரும்பாலும் புரதத்தின் செயலையோ சேர்க்கையையோ மாற்றுகிறது.
- மெத்தில் ஏற்றமும் அசிட்டைல் ஏற்றமும்: டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் இவை மிகுதியாக நிகழ்கின்றன.
- சர்க்கரை ஏற்றம்: செரின், திரியோனின் ஆகியவற்றில் ஒற்றைச் சர்க்கரை மூலக்கூறு இணைதல்.

இவற்றில் பெரும்பாலானவை மீளக்கூடியவை. புதிதாக ஒரு மரபணுவை இயக்கிப் புரதம் உருவாக்க நேரம் பிடிக்கும். முன்பே உருவாகி இருக்கும் புரதத்தின் மீது ஒரு குறி இடுவதற்கோ எடுப்பதற்கோ அவ்வளவு நேரம் தேவையில்லை. வெளிச்சம் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தாவரத்துக்கு இதுவே உதவுகிறது.

பகல் நீளத்தை அளத்தல்: கான்ஸ்டன்ஸ் புரதம்

இலையில் எஃப்.டி. மரபணுவை இயக்கிவிடுவது கான்ஸ்டன்ஸ் புரதம். அது போதிய அளவு சேர்ந்தால் எஃப்.டி. உருவாகும், செடி பூக்கும். சேராவிட்டால் பூப்பது தள்ளிப்போகும். இந்தப் புரதம் ஒரு நாளில் என்ன பாடுபடுகிறது என்பதை வேளைவாரியாகப் பார்ப்போம்.

காலையில், முந்தைய இரவிலிருந்து மீந்த கான்ஸ்டன்ஸ் ஆர்.என்.ஏ. இலையில் இருக்கும், அதிலிருந்து புரதமும் உருவாகும். ஆனால் சிவப்பொளியை உணரும் ஃபைட்டோகுரோம் பி, அதன் அழிவைத் தூண்டுகிறது. எச்.ஓ.எஸ்.1 என்ற நொதியும் அதன் மீது யுபிகுவிட்டினை ஏற்றி அழிக்கிறது. எனவே காலையில் கான்ஸ்டன்ஸ் சேர்வதில்லை.

நண்பகல் வரை, சி.டி.எஃப். எனப்படும் அடக்கிப் புரதங்கள் கான்ஸ்டன்ஸ் மரபணுவின் மீது அமர்ந்து அதைப் படியெடுக்கவிடாமல் தடுக்கின்றன. பிற்பகலில் எஃப்.கே.எஃப்.1, ஜைஜான்டியா என்ற இரு புரதங்கள் மிகுதியாகின்றன. எஃப்.கே.எஃப்.1 நீல ஒளியை உணரக்கூடியது. நீல ஒளி பட்டால்தான் அது ஜைஜான்டியாவோடு சேர்கிறது. சேர்ந்த பின், சி.டி.எஃப். அடக்கிகள் மீது யுபிகுவிட்டின் ஏற்றப்பட்டு அவை அழிக்கப்படுகின்றன. தடை நீங்கியதும் கான்ஸ்டன்ஸ் உருவாகத் தொடங்குகிறது.

மாலையில் இன்னும் வெளிச்சம் இருந்தால், ஃபைட்டோகுரோம் ஏ, கிரிப்டோகுரோம் ஆகிய ஒளி உணரிகள் கான்ஸ்டன்சை அழிவிலிருந்து காக்கின்றன. எஃப்.கே.எஃப்.1 புரதமும் இதற்குத் துணை செய்கிறது. கான்ஸ்டன்ஸ் சேர்ந்து எஃப்.டி. மரபணுவை இயக்குகிறது.

இரவில் காப்1 என்ற புரதம் ஸ்பா புரதங்களோடு சேர்ந்து கான்ஸ்டன்ஸ் மீது யுபிகுவிட்டினை ஏற்றுகிறது. புரோட்டியோசோம் அதைச் சிதைத்துவிடுகிறது. பகலில் காப்1ஐக் கட்டுப்படுத்தி வைப்பது கிரிப்டோகுரோம் உள்ளிட்ட ஒளி உணரிகளே; இருள் வந்ததும் அது விடுபடுகிறது. கான்ஸ்டன்சின் பாஸ்பேட் ஏறிய வடிவத்தையே காப்1 முதன்மையாகக் குறிவைக்கிறது என்றும் கண்டறியப்பட்டுள்ளது. அதாவது ஒரு குறி மற்றொரு குறிக்கு வழிகாட்டுகிறது.

இப்போது நீள்பகலையும் குறும்பகலையும் ஒப்பிடலாம். சோதனைச்சாலையில் 16 மணி நேர வெளிச்சம் தரும்போது, கான்ஸ்டன்ஸ் உருவாகும் பிற்பகல், மாலை வேளைகள் வெளிச்சத்துக்குள்ளேயே அமைகின்றன, புரதம் பிழைக்கிறது, எஃப்.டி. உருவாகிறது. 8 மணி நேர வெளிச்சம் மட்டும் தரும்போது, எஃப்.கே.எஃப்.1 மிகுதியாகும் வேளைக்குள் இருட்டிவிடுகிறது. கான்ஸ்டன்ஸ் ஆர்.என்.ஏ. இருளில்தான் கூடுகிறது. அதிலிருந்து வரும் புரதம் உடனுக்குடன் அழிகிறது. கரும்பலகையில் எழுதுவதும் அழிப்பதும் நாள்தோறும் நடக்கின்றன. வெளிச்சம் இருக்கும்போது எழுதியது மட்டுமே படிக்கப்படுகிறது. பியூனிங் 1936இல் ஊகித்த கடிகாரமும் வெளிச்சமும் சந்திக்கும் இடம் இதுவே.

புரத அழிவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. மரபணு மாற்றம் மூலம் கான்ஸ்டன்ஸ் ஆர்.என்.ஏ. நாள் முழுவதும் ஒரே அளவில் உருவாகும்படி செய்யப்பட்ட செடிகளில்கூட, அதன் புரதம் இரவிலும் காலையிலும் குறைவாகவும் மாலை வெளிச்சத்தில் மிகுதியாகவும் இருந்தது. ஆர்.என்.ஏ. மாறவில்லை, புரதத்தின் ஆயுள்தான் மாறியது. காப்1 பழுதான செடிகள் குறும்பகலிலும் விரைவில் பூத்துவிடுவது இதற்கு மற்றொரு சான்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற்பகலில் சி.டி.எஃப். மீது ஏறுவதும் யுபிகுவிட்டின். இரவில் கான்ஸ்டன்ஸ் மீது ஏறுவதும் யுபிகுவிட்டின். முன்னது பூப்பதற்கு உதவுகிறது. பின்னது பூப்பதைத் தடுக்கிறது. குறிக்குத் தனியாகப் பொருள் கிடையாது. எந்தப் புரதத்தின் மீது, எந்த வேளையில் இடப்படுகிறது என்பதே அதன் பொருள்.

குறுகிய காலக் குளிரும் இதே வழியில் குறுக்கிடுகிறது. பருவம் தப்பிய குளிர் வந்தால் எச்.ஓ.எஸ்.1 கான்ஸ்டன்சை மேலும் அழிக்கிறது, பூப்பது தள்ளிப்போகிறது.

பூக்கும் செய்தி நுனியை அடைதல்

இலையின் ஃபுளோயத் திசுவில் உருவாகும் எஃப்.டி. புரதம் 175 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். அது ஃபுளோயம் வழியாகத் தண்டு நுனியில் உள்ள ஆக்குத்திசுவை அடைகிறது. ஆனால் அதனால் நேரடியாக டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ள முடியாது. நுனியில் ஏற்கெனவே காத்திருக்கும் எஃப்.டீ. என்று ஒலிக்கும் மற்றொரு புரதத்தின் துணை தேவைப்படுகிறது. பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் அதை நுனிப் புரதம் என்றே குறிப்பிடுவோம். அது 2005இல் கண்டறியப்பட்டது, டி.என்.ஏ.வைப் பற்றக்கூடியது.

இவ்விரண்டையும் சேர்த்து வைப்பவை 14-3-3 என்ற எண்பெயர் கொண்ட புரதங்கள். இவை பொதுவாகப் பாஸ்பேட் ஏறிய புரதங்களையே பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. எனவே நுனிப் புரதத்தின் கடைசிப் பகுதியில் பாஸ்பேட் ஏறியிருக்க வேண்டும். அராபிடாப்சிசில் 282ஆவது இடத்திலுள்ள திரியோனினிலும், நெல்லின் இணைப் புரதத்தில் 192ஆவது இடத்திலுள்ள செரினிலும் இது நிகழ்கிறது. அராபிடாப்சிசில் அந்தத் திரியோனினை, பாஸ்பேட் ஏற்க முடியாத அலனினாக மாற்றிவிட்டால் நுனிப் புரதம் செயலிழந்துவிடுகிறது. பாஸ்பேட்டை ஏற்றுபவை கால்சியத்தைச் சார்ந்து இயங்கும் கைனேஸ்கள்.

நெல்லில் எச்.டி.3ஏ, 14-3-3, நுனிப் புரதம் ஆகிய மூன்றும் இணைந்து, வகைக்கு இரண்டாக ஆறு மூலக்கூறுகள் கொண்ட கூட்டமைப்பாகின்றன என்று 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் வடிவத்தோடு காட்டினர். இதற்கு ஃபுளோரிஜென் முடுக்கக் கூட்டமைப்பு என்று பெயர். இது உருவானதும் பூவாக்க மரபணுக்கள் இயங்குகின்றன. இலைகளைத் தோற்றுவித்த நுனி, பூக்களைத் தோற்றுவிக்கத் தொடங்குகிறது. இலை அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, பெற்றுக்கொள்ளும் நுனியும் குறியிடப்பட்டு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

குளிர்காலத்தை நினைவில் வைத்தல்: ஹிஸ்டோன் மாற்றங்கள்

குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் முளைக்கும் பல செடிகள், நீண்ட குளிர்காலத்தைக் கடந்த பிறகே பூக்கின்றன. குளிர்காலக் கோதுமை, ரை என்ற தானியம் ஆகியவை இத்தகையவை. குளிரால் பூக்கும் தகுதி பெறும் இந்நிகழ்வு தட்பப்பதனம் எனப்படுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த காஸ்னர் இதை 1918இல் ரை பயிரில் ஆராய்ந்து விளக்கினார். இதில் வியப்புக்குரியது, குளிரில் பூக்காத செடி, குளிர் நீங்கிப் பல வாரங்கள் சென்ற பின்னும் அதை நினைவில் வைத்துப் பூப்பதுதான்.

இந்த நினைவு ஹிஸ்டோன் புரதங்களில் பதிகிறது. செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இழை எட்டு ஹிஸ்டோன்கள் கொண்ட உருளையைச் சுற்றிக் கிடக்கிறது. ஓர் உருளையைச் சுற்றியுள்ள டி.என்.ஏ.வின் நீளம் ஏறத்தாழ 147 கார இணைகள். ஹிஸ்டோன்களின் வால் போன்ற முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இடப்படும் குறிகளைப் பொறுத்து அப்பகுதியில் உள்ள மரபணு படிக்கப்படும் அல்லது மூடப்படும்.

அராபிடாப்சிசில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதைத் தடுக்கிறது. குளிர்காலத்துக்கு முன் ஃபிரிஜிடா என்ற மரபணுவின் தூண்டுதலால் எஃப்.எல்.சி. மிகுதியாக இயங்கும். அப்போது அதன் ஹிஸ்டோன் எச்3 புரதத்தில் 4ஆவது, 36ஆவது லைசின்களில் மெத்தில் குறிகள் காணப்படுகின்றன. இவை மரபணு இயங்குவதற்கான குறிகள். குளிர் வாரக்கணக்கில் நீடிக்கும்போது வி.ஐ.என்.3 என்ற புரதம் மெல்ல மெல்லக் கூடுகிறது. ஓரிரு நாள் குளிருக்கு அது போதிய அளவு கூடாது; எனவே செடி ஏமாறுவதில்லை. வி.ஐ.என்.3, பாலிகோம் என்ற புரதக் கூட்டமைப்போடு சேர்ந்து, எஃப்.எல்.சி. மரபணுவின் தொடக்கப் பகுதியில் உள்ள ஹிஸ்டோன் எச்3இன் 27ஆவது லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஏற வழிசெய்கிறது. வெப்பம் திரும்பியதும் இக்குறி மரபணு முழுவதும் பரவுகிறது. எஃப்.எல்.சி. மூடப்படுகிறது, செல் பிரிந்தாலும் மூடிய நிலை தொடர்கிறது.

இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன், மார்ட்டின் ஹோவர்டு ஆகியோரின் குழுக்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மூடல் ஒவ்வொரு செல்லிலும் முழுமையாக நிகழ்கிறது அல்லது நிகழவே இல்லை என்று காட்டியது. குளிர் நீளநீள, எஃப்.எல்.சி. மூடப்பட்ட செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. குளிர்காலத்தின் நீளத்தைச் செடி இவ்வாறு செல்களை எண்ணி அளக்கிறது எனலாம்.

அடுத்த தலைமுறைக்கு இந்த நினைவு செல்லக் கூடாது. சென்றால் இலையுதிர் காலத்தில் முளைத்த கன்று குளிருக்கு முன்பே பூத்துவிடும். ஆகவே கரு வளரும்போது மெத்தில் குறிகள் நீக்கப்பட்டு எஃப்.எல்.சி. மீண்டும் திறக்கப்படுகிறது. கோதுமையிலும் பார்லியிலும் தட்பப்பதனத்துக்குப் பொறுப்பான மரபணுக்கள் வேறு; ஆனால் அங்கும் ஹிஸ்டோன் குறிகள் மாறுவது அறியப்பட்டுள்ளது.

ஜிப்ரலினும் டெல்லா புரதங்களும்

பகல் நீளம் சாதகமாக இல்லாதபோதும் அராபிடாப்சிஸ் இறுதியில் பூக்கிறது. அதற்கு ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தேவை. ஜிப்ரலின் இல்லாத நிலையில் டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சியையும் பூத்தலையும் அடக்கி வைக்கின்றன. ஜிப்ரலின் அதன் ஏற்பியில் பொருந்தியதும் டெல்லா அதனோடு சேர்கிறது, அதன் மீது யுபிகுவிட்டின் ஏறுகிறது, அது அழிகிறது, அடக்குமுறை நீங்குகிறது. இந்த ஏற்பி 2005இல் முதன்முதலாக நெல்லில் கண்டறியப்பட்டது.

பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைக்கு அடிப்படையும் இதுவே. அவற்றில் டெல்லா புரதத்தின் முன்பகுதி குறைபட்டுள்ளது. ஏற்பியோடு சேர முடியாததால் அது அழிவுக்குறி பெறாமல் தப்பி நிற்கிறது; பயிர் குட்டையாக இருந்து கதிரின் சுமையைத் தாங்குகிறது. இந்த விளக்கம் 1999இல் வெளியான ஆய்விலிருந்து தொடங்கியது. இங்கு முதன்மையான விளைவு உயரத்தின் மீதுதான் என்றாலும், ஒரு புரதம் குறியிடப்படுவதா தப்புவதா என்பது எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சுமோ குறியும் பூத்தலில் பங்கு பெறுகிறது. சுமோவை நீக்கும் இ.எஸ்.டி.4 நொதி பழுதானாலும், சுமோவை ஏற்றும் சிஸ்1 நொதி பழுதானாலும் அராபிடாப்சிஸ் குறும்பகலில் வழக்கத்தைவிட முன்னதாகப் பூக்கிறது. ஏற்றுதலும் நீக்குதலும் சமநிலையில் இருக்க வேண்டும் என்பது இதனால் தெரிகிறது.

நெற்பயிரில் புரத மாற்றங்கள்

நெல் குறும்பகல் தாவரம். கான்ஸ்டன்சுக்கு இணையான எச்.டி.1 புரதம் நெல்லிலும் உண்டு. ஆனால் அது இரட்டை வேலை செய்கிறது: குறும்பகலில் எச்.டி.3ஏ உருவாவதைத் தூண்டுகிறது. நீள்பகலில் அதையே அடக்குகிறது.

நெல் வகைகள் கதிர் விடும் நாளில் வேறுபடுவதற்குப் பாஸ்பேட் ஏற்றும் நொதிகளும் காரணம். இந்திய நெல் வகையான கசலாத்தையும் ஜப்பானிய வகையான நிப்பான்பரேயையும் கலப்பு செய்து ஆராய்ந்தபோது, எச்.டி.6 என்ற மரபணு நீள்பகலில் கதிர் விடுவதைத் தாமதப்படுத்துவது தெரிந்தது. அது கேசீன் கைனேஸ் 2 என்ற நொதியின் ஒரு பகுதியை உருவாக்குகிறது என்று 2001இல் அறியப்பட்டது. கசலாத்தில் இது முழுமையாக உள்ளது. நிப்பான்பரேயில் இடையிலேயே நின்றுபோன பழுதான வடிவம் உள்ளது. எச்.டி.16 என்ற மற்றொரு மரபணு கேசீன் கைனேஸ் 1 நொதியைச் சார்ந்தது. அது நீள்பகலில் பூப்பதைத் தடுக்கும் ஜி.எச்.டி.7 புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஜப்பானின் புகழ்பெற்ற கோஷிஹிகாரி வகையில் இந்த நொதி வலுக்குறைந்த வடிவில் இருப்பதால், அது பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் முன்னதாகக் கதிர் விடுகிறது. வெப்ப மண்டலப் பயிரான நெல், நீண்ட கோடைப் பகலும் விரைந்து வரும் குளிரும் கொண்ட வடக்குப் பகுதிகளில் விளைவதற்கு இத்தகைய இயற்கை மாறுபாடுகள் துணை செய்தன.

தமிழ்நாட்டு உழவர்கள் இதன் விளைவைப் பட்டங்கள் வழியே அறிந்திருக்கின்றனர். நாரிச்சில் மிக நீண்ட பகல் 16½ மணி நேரத்துக்கும் மேல். மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. தஞ்சையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1¼ மணி நேரம் மட்டுமே. இந்தச் சிறு வேறுபாட்டையே மரபான நீண்டகாலச் சம்பா நெல் வகைகள் உணர்ந்துகொள்கின்றன. அவற்றைச் சற்று முன்னதாக நட்டாலும் பின்னதாக நட்டாலும், பகல் குறையும் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே தொண்டைக்கதிர் கட்டுகின்றன. வைகாசியில் விதைத்தால் பயிர் பச்சைப் பசேல் என்று வளருமே தவிர, விரைவில் கதிர் வராது. ஆகவேதான் பகல் நீளமாக இருக்கும் காலத்தில் நடப்படும் குறுவைக்கு, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குறுகிய கால வகைகள் தேவைப்படுகின்றன.

பொதுவாக எழும் ஐயங்கள்

செடி அளப்பது பகலையா, இரவையா? குறும்பகல் தாவரங்களில் தொடர்ச்சியான இருளே முக்கியம். நெல்லுக்கு நள்ளிரவில் 10 நிமிடம் வெளிச்சம் காட்டினாலே எச்.டி.3ஏ உருவாவது தடைப்படுகிறது. இதற்கு ஃபைட்டோகுரோம் பி காரணம். தெருவிளக்கின் ஒளி விழும் வயலோரத்தில், பகல் நீளத்தை உணரும் நெல் தாமதமாகக் கதிர் விடுவது இதனால்தான். சாமந்தியை வேண்டிய நாளில் பூக்கவைக்க இரவில் விளக்கு எரிப்பதும், பிற்பகலில் கறுப்புத் துணியால் மூடுவதும் இதே அடிப்படையில் அமைந்தவை.

பூக்கும் மரபணு ஒன்று இருந்தால் போதாதா? போதாது. கான்ஸ்டன்ஸ் மரபணு பழுதில்லாமல் இருக்கும் செடியும் குறும்பகலில் தாமதமாகவே பூக்கிறது. மரபணு இருக்கிறது, ஆர்.என்.ஏ.யும் இருக்கிறது, புரதம்தான் நிலைப்பதில்லை.

எல்லாத் தாவரங்களிலும் இதே ஏற்பாடுதானா? இல்லை. எஃப்.டி. போன்ற ஃபுளோரிஜென் புரதங்கள் பல தாவரங்களில் பொதுவானவை. ஆனால் அவற்றை இயக்கும் வழிகள் வேறுபடுகின்றன. நெல்லுக்கு எஃப்.எல்.சி. வழியிலான குளிர் நினைவு தேவையில்லை. தக்காளி போன்ற பகல் நடுநிலைத் தாவரங்கள் பகல் நீளத்துக்குக் காத்திருப்பதில்லை.

பயிர் மேம்பாட்டில் பயன்

ஒரு புரதத்தை முழுவதுமாக நீக்கினால் பூக்கும் காலம் பெருமளவில் மாறிவிடும். கூடவே வேறு பண்புகளும் கெடலாம். குறியிடும் நொதியின் வலுவைச் சற்றே மாற்றினால், பூக்கும் நாளைச் சில நாட்கள் முன்பின் நகர்த்த முடியும். கோஷிஹிகாரியின் எச்.டி.16 இதற்கு இயற்கையே தந்த சான்று. இத்தகைய மாறுபாடுகளை அடையாளம் கண்டு கலப்பினப் பெருக்கத்தில் சேர்ப்பது இப்போது பயிர் ஆய்வின் ஒரு பகுதியாக உள்ளது.

காலநிலை மாற்றம் இதன் தேவையைக் கூட்டியுள்ளது. ஓர் ஊரின் பகல் நீளம் ஆண்டுதோறும் மாறுவதில்லை. வெப்பநிலையும் மழை வரும் காலமும் மாறுகின்றன. குளிர்காலம் சுருங்கினால் எஃப்.எல்.சி. போன்ற தடைகள் முழுமையாக மூடப்படாமல் போகலாம். பகல் நீளத்தை மட்டும் நம்பிக் கதிர் விடும் பயிர், மழை தவறிய ஆண்டிலும் அதே நாளில் பூக்கும். எனவே, தாவரம் காலத்தை எந்தப் புரதத்தின் எந்தக் குறியால் அறிகிறது என்று தெரிந்துகொள்வது, மாறிவரும் பருவத்துக்கு ஏற்ற பயிர் வகையைத் தேர்ந்தெடுக்கவும் உருவாக்கவும் உதவுகிறது.